உறக்கமல்ல, போர்!

1981ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 5ஆம் நாள், அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தனது வார ஏட்டில் சிறு குறிப்பொன்றை வெளியிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து இளைஞர் ஐவர், அதுவரை நலமாக உலவியவர்கள், எதிர்ப்பாற்றல் அற்றுப் போனவர்க்கே வரக்கூடிய அரிய நுரையீரல் காய்ச்சலால் வீழ்ந்தனர்; அவருள் இருவர் இறந்தும் விட்டனர். இவ்வளவே குறிப்பு. எய்ட்ஸ் எனும் பெயர் அப்போது இல்லை. காரணம் இன்னதென்பதும் தெரியவில்லை.

காரணம் தெரியாத இடத்தில் கற்பனை குடியேறுவது உலகத்து வழக்கம். “பாவத்தின் சம்பளம்” என்றனர் பாதிரிமார் சிலர். “ஆண்டவன் அனுப்பிய தண்டனை” என்றனர் வேறு சிலர். அம்மை கண்டால் ஆத்தாளின் சினம் என்று வேப்பிலை செருகி விட்டு, மருத்துவரை வாயிற்படி ஏறவிடாது தடுத்த மக்களை நாம் அறிவோம். அறிவியலில் முதிர்ந்ததாகச் சொல்லப்படும் அமெரிக்காவிலும் அதே குரல் வேறு மொழியில் கேட்டது என்பதை மறக்க வேண்டா.

ஆயின் ஆய்வுக்கூடத்தின் விளக்கு அணையவில்லை. 1983இல் பாரிசு நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பிரான்சுவா பாரே சினூசி, லுக் மொந்தாக்னியே ஆகியோர் அந்த வைரசைப் பிரித்தெடுத்தனர். 2008இல் அவ்விருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது அதற்காகவே. பகைவன் யாரென்று தெரிந்துவிட்டது, எச்.ஐ.வி. என்று பெயரும் வந்தது. ஆனால் பகைவன் என்ன செய்கிறான் என்பது மட்டும் விளங்கவில்லை.

புதிர் இதுதான்: தொற்று ஏற்பட்டதும் சில கிழமைகள் காய்ச்சல் வரும், போகும். அதன் பின்னர் மருத்துவமில்லாத நிலையிலும் சராசரி பத்தாண்டுகள், அந்த மனிதர் நம்மைப் போலவே உண்பார், உழைப்பார், ஓடியாடுவார். குருதியில் ஒரு கனமில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1,000 இருக்க வேண்டிய சி.டி.4 எனும் உதவி அணுக்கள், மெல்ல மெல்லத் தேய்ந்து 200க்குக் கீழே இறங்கும். அன்றுதான் எய்ட்ஸ் எனும் பேரிடி விழும். அந்தப் பத்தாண்டு அமைதிக்குப் பொருள் என்ன? “வைரஸ் உறங்குகிறது” என்றனர் பலர். மருத்துவ நூல்களும் அதனை உறங்குநிலை என்றே குறித்தன.

உறங்கவில்லை, அது ஓயாத போர் என்று 1995ஆம் ஆண்டில் உலகுக்கு எடுத்துக் காட்டியது எது? நுண்ணோக்காடி மட்டுமன்று. காகிதமும் எழுதுகோலும் சில சமன்பாடுகளும் அதில் பாதிப் பங்கு கொண்டன. கணக்கு, நோயின் உள்ளத்தைப் படித்த கதை அது. பகுத்தறிவை வாழ்க்கை நெறியாகக் கொண்ட ஒவ்வோர் இளைஞரும் அறிய வேண்டிய வரலாறு.

கணக்கர் மருத்துவத்துள் நுழைந்த விதம்

நோய்க்கும் கணக்குக்கும் உறவு நேற்று ஏற்பட்டதன்று. 1760இல் டேனியல் பெர்னூலி எனும் சுவிட்சர்லாந்துக் கணிதர், பாரிசு அறிவியல் கழகத்தில் பெரியம்மை பற்றி ஆய்வுரை அளித்தார். ஜென்னரின் அம்மைப்பால் அப்போது பிறக்கவில்லை. அம்மைக் கொப்புளத்துச் சீழையே சிறிதளவு எடுத்து நலமுள்ளோர்க்குக் குத்தும் முறை இருந்தது. அதனால் சிலர் இறப்பதும் உண்டு. குத்தலாமா, கூடாதா? வேதியரும் வழக்கறிஞரும் வாதிட்டுக் கொண்டிருந்த நேரத்தில், பெர்னூலி பிறப்பு இறப்புப் பட்டியலை எடுத்து வைத்துக் கணக்கிட்டார். பெரியம்மைச் சாவை நீக்கிவிடின், சராசரி ஆயுள் 26 ஆண்டு 7 மாதத்திலிருந்து 29 ஆண்டு 9 மாதமாக உயரும் என்று காட்டினார். மூன்றாண்டு ஆயுள்! சாத்திரம் தரவில்லை, கணக்குத் தந்தது.

அடுத்து ரொனால்டு ராஸ். 1897இல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டவர். “உலகிலுள்ள கொசுக்களையெல்லாம் ஒழிக்க முடியுமா?” என்று ஏளனம் செய்தோர்க்கு, ஒழிக்க வேண்டியதில்லை, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் தானே அற்றுப்போகும் என்று சமன்பாடு எழுதி விடையளித்தார். 1927இல் எடின்பரோவின் கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் கொள்ளைநோய்க்கான பொதுச் சமன்பாட்டை வகுத்தனர். மெக்கென்ட்ரிக் இந்தியாவில் மருத்துவப் பணி புரிந்தவர். கெர்மாக், ஆய்வுக்கூட விபத்தில் இரு கண்களையும் இழந்தவர், மனத்திலேயே கணக்கிட்டவர். தமது சமன்பாட்டுக்கு அவர்கள் காட்டிய சான்று, 1905 - 1906ஆம் ஆண்டுகளில் பம்பாயைச் சூறையாடிய பிளேக் நோயின் சாவுக் கணக்கு.

வேறொரு முனையில், 1926இல் இத்தாலியின் வீட்டோ வோல்ட்டெரா, ஏட்ரியாட்டிக் கடலின் மீன்களைக் குறித்து ஆராய்ந்தார். முதல் உலகப் போரின்போது மீன்பிடித்தல் குறைந்த காலையில், சுறா போன்ற கொன்று தின்னும் மீன்களின் விகிதம் உயர்ந்தது, ஏன்? இரையும் வேட்டையாடும் உயிரும் ஒன்றையொன்று உயர்த்தியும் தாழ்த்தியும் ஊசலாடுவதை இரண்டே சமன்பாடுகளில் அடக்கிக் காட்டினார். அமெரிக்காவின் லோட்காவும் தனியே அதே முடிவுக்கு வந்திருந்தார். அந்த வோல்ட்டெராதான் 1931இல் முசோலினிக்குப் பற்றுறுதி கூறிக் கையொப்பமிட மறுத்தவர். ஏறத்தாழ 1,200 பேராசிரியருள் மறுத்தவர் பன்னிருவரே. பதவி பறிபோயிற்று, முதுகு வளையவில்லை. அவர் எழுதிய கடல்மீன் சமன்பாட்டின் வழித்தோன்றல்களே பின்னர் மனிதக் குருதிக்குள் நடக்கும் வேட்டைக்கும் பொருந்தி வந்தன.

உடலே போர்க்களம்

நம் உடலின் எதிர்ப்புப் படை எப்படி இயங்குகிறது? ஆயிரமாயிரம் வகை வெள்ளணுக்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பகைவனை மட்டும் அடையாளம் காணவல்லவை, உடலில் உலவுகின்றன. எந்த வகை தன் பகைவனைச் சந்திக்கிறதோ அந்த வகை மட்டும் பல்கிப் பெருகும். ஆஸ்திரேலியாவின் பர்னெட் 1957இல் வெளியிட்ட கொள்கை இது. பகை வளர்ந்தால் படை வளரும். படை வளர்ந்தால் பகை தேயும். பகை தேய்ந்தால் படையும் சுருங்கும். இது வோல்ட்டெராவின் சுறாவும் சிறுமீனும் அன்றோ? 1970இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் பெல் என்பார் இதைச் சமன்பாடுகளாக்கினார். ஹிரோஷிமாவைச் சுடுகாடாக்கிய அணுகுண்டு உருவான அதே இடத்தில், உயிரைக் காக்கும் கணக்குத் துறையொன்று முளைத்தது. ஆலன் பெரல்சன் அங்கேதான் அதை வளர்த்தார்.

எச்.ஐ.வி.க்கு எழுதிய அடிப்படைச் சமன்பாடுகள் சிலவே. தொற்றாத உதவி அணுக்கள், தொற்றிய அணுக்கள், வைரஸ் துகள்கள், கொல்லும் அணுக்கள் என நான்கு தொகைகள். ஒவ்வொன்றுக்கும் வரவும் செலவும் உண்டு. உதவி அணு நாள்தோறும் பிறக்கிறது, இயல்பாகவும் இறக்கிறது, வைரஸ் தொட்டால் தொற்றிய அணுவாக மாறுகிறது. தொற்றிய அணு புது வைரசைக் கக்குகிறது. கொல்லும் அணு அதனைக் கண்டு அழிக்கிறது. தொற்றிய அணு மிகுந்தால் கொல்லும் அணு பெருகுகிறது. கடைக்காரரின் பேரேட்டில் வரவும் செலவும் எழுதுவது போன்றதே இது. இடம், ஊடகம், ஓட்டம் ஆயிரம் இருந்தாலும் அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு இன்றியமையாதவற்றை மட்டும் வைத்துக் கொள்வதே மாதிரியின் இயல்பு.

ஆயின் பிற வைரசுகளுக்கும் எச்.ஐ.வி.க்கும் ஒரு பெரும் வேறுபாடு. ஏனைய பகைவர் கோட்டைச் சுவரைத் தாக்குவர். இது படைத்தலைவனையே தாக்குகிறது. கொல்லும் அணுக்களுக்கும் எதிர்ப்பொருள் தரும் அணுக்களுக்கும் ஆணை பிறப்பிப்பது சி.டி.4 உதவி அணு. அதனுள்ளேயே வைரஸ் குடிபுகுந்து பெருகுகிறது. எதிர்ப்பு மிகுந்து உதவி அணுக்கள் பெருகினால், வைரசுக்கு இரையும் பெருகுகிறது. காப்பதற்கு எழுந்த படையே பகைவனுக்கு உணவு. இந்த முரண்பாட்டைச் சொற்களால் எவ்வளவு பேசினாலும் முடிவு தெரியாது. எது வெல்லும் என்பதை எண்தான் சொல்ல வேண்டும்.

1991இல் மார்ட்டின் நோவாக், ராய் ஆண்டர்சன், ராபர்ட் மே முதலானோர் ஓர் எண்ணத்தை முன்வைத்தனர். வைரஸ் ஓயாமல் உருமாறுகிறது. ஒவ்வொரு புது உருவுக்கும் புதுப் படை வேண்டும். ஆனால் எந்த உருவாயினும் எந்த உதவி அணுவையும் அழிக்கவல்லது. எனவே உருக்களின் எண்ணிக்கை ஓர் எல்லையைத் தாண்டும் நாளில் எதிர்ப்பாற்றல் சரிந்து வீழும் என்றனர். இந்த எண்ணம் முழுமையும் நிலைபெறவில்லை, விவாதம் நடந்தது. எனினும் பத்தாண்டு அமைதிக்குள் ஓர் ஓட்டம் இருக்கக்கூடும் என்பதை அது ஆணித்தரமாக எழுப்பிற்று.

ஏரியும் மதகும்

ஓட்டம் உண்டா, இல்லையா? அளப்பது எப்படி?

ஏரியொன்றை எண்ணிப் பாருங்கள். நீர்மட்டம் நாள்தோறும் ஒரே அளவில் நிற்கிறது. அதைக் கொண்டு, நீர் அசைவற்றுக் கிடக்கிறது என்று சொல்லிவிடலாமா? வரத்துக்காலில் வெள்ளம் பாய்ந்து வந்து, அதே அளவு மதகு வழியே வெளியேறினாலும் மட்டம் மாறாமல்தான் நிற்கும். கரையில் நின்று பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றே. உண்மை அறிய ஒரே வழி, வரத்துக்காலை அடைப்பது. அடைத்த பின்னும் மட்டம் நின்றால் தேங்கிய நீர். சடசடவென்று இறங்கினால், இத்தனை காலமும் அவ்வளவு நீர் பாய்ந்து கொண்டிருந்தது என்று பொருள்.

நியூயார்க்கின் டேவிட் ஹோவும் லாஸ் அலமாசின் பெரல்சனும் அவர்தம் தோழர்களும் செய்தது இதுவே. புதிதாக வந்த ரிட்டோனாவிர் எனும் மருந்து, தொற்றும் வலிமையுள்ள புது வைரஸ் உண்டாவதைத் தடுக்கும். அது மருந்து மட்டுமன்று, வரத்துக்காலை அடைக்கும் பலகையும் ஆயிற்று. நோயாளர் இருபதின்மருக்குக் கொடுத்துக் குருதியில் வைரசின் அளவை எண்ணினர். மட்டம் சரிந்தது! ஏறத்தாழ இரண்டே நாளில் பாதி; மேலும் இரண்டு நாளில் அதிலும் பாதி. 1995 ஜனவரி 12ஆம் நாளைய ‘நேச்சர்’ இதழில் அக்கட்டுரை வெளிவந்தது. அதே இதழில், அலபாமாப் பல்கலைக்கழகத்து ஜார்ஜ் ஷாவின் குழுவினர், நோவாக்கும் உடனிருக்க, தனியே செய்த ஆய்வும் வெளிவந்தது. நோயாளர் 22 பேர். விடை ஒன்றே: இரண்டு நாளில் பாதி. இரு குழுவினர், இரு ஊர்கள், ஒரே எண். அறிவியலில் சாட்சி சொல்வது இவ்விதம்.

1996இல் பெரல்சன் குழு இன்னும் நுணுகிப் பார்த்தது. ஐந்து நோயாளர், மருந்து இயங்கத் தொடங்கியதும் முதலில் இரண்டு மணிக்கொரு முறை, பின்னர் ஆறு மணிக்கொரு முறை, அதன்பின் நாள்தோறும் குருதி எடுத்து எண்ணினர். சரிவின் வடிவத்தைச் சமன்பாட்டோடு பொருத்தியபோது, ஒன்றுள் ஒன்றாய் மறைந்திருந்த இரண்டு வேகங்கள் பிரிந்து நின்றன. குருதியில் வைரஸ் துகள் பாதியாகக் குறைய ஏறத்தாழ 6 மணி நேரம். தொற்றிய அணுவின் சராசரி வாழ்நாள் 2.2 நாள். நோயாளி ஒருவர் உடலில் நாளொன்றுக்குப் பிறந்து அழியும் வைரஸ் துகள்கள் 1,000 கோடிக்கும் மேல்! வைரசின் ஒரு தலைமுறை 2.6 நாள், ஆண்டொன்றுக்கு 140 தலைமுறை. மனிதக் குலத்தில் 140 தலைமுறை கடக்க ஏறத்தாழ 3,500 ஆண்டு ஆகும். அத்தனை மாற்றத்தை வைரஸ் ஓராண்டில் முடித்துவிடுகிறது.

உறக்கம் என்றனரே, எங்கே உறக்கம்? பத்தாண்டுகள், ஒவ்வொரு நாளும், ஆயிரம் கோடிப் பகைவர் தோன்றுவதும் ஆயிரம் கோடிப் பகைவர் மாள்வதுமாக நடந்தது போர். தராசின் இரு தட்டும் ஏறத்தாழச் சமமாக நின்றதால் வெளியே அசைவு தெரியவில்லை.

மூன்று பூட்டுகள்

இந்த எண்கள் ஏட்டோடு நின்றிருந்தால், அவற்றைப் போற்றிப் பாடுவதில் பயனில்லை. உயிரைக் காத்தன. எப்படி?

முதல் மருந்தான ஏ.இசட்.டி. 1987இல் வந்தது. நோயாளர் தேறினர், சில திங்களில் மீண்டும் வீழ்ந்தனர். மருந்து கெட்டதா? நோயாளி செய்த பாவமா? இரண்டுமன்று. வைரசின் மரபுச் செய்தி ஏறத்தாழ 10,000 எழுத்து நீளம். தன்னைப் படியெடுக்கும்போது அது எழுத்துப் பிழை செய்கிறது. ஓர் எழுத்துக்கு இலட்சத்தில் மூன்று முறை எனும் வேகம். இப்போது கணக்கிடுங்கள். ஒரு மருந்தை ஏமாற்றக் குறிப்பிட்ட ஒரு பிழை போதுமென்றால், நாளொன்றுக்கு 1,000 கோடிப் படிகளில் அந்தப் பிழை உடையவை 3 இலட்சம். மருந்து கொடுப்பதற்கு முன்பே, அதை வெல்லவல்லவை உடலில் உள்ளன! இரண்டு மருந்துகளையும் ஒருங்கே ஏமாற்ற இரண்டு குறிப்பிட்ட பிழைகள் சேர்ந்து வர வேண்டும்: ஆயிரம் கோடியில் 9, அதாவது நாளைக்கு ஒன்பது. மூன்று மருந்துகளையும் ஏமாற்ற மூன்று பிழைகள் ஒரே படியில் நேர வேண்டும்: ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒரு முறை! பிறக்கும் துகள்களில் மிகப் பல எந்த அணுவையும் தொற்றாமலே அழிகின்றன. ஆகவே உண்மையில் இன்னும் அரிது. கள்வன் ஒரு பூட்டை நாள்தோறும் திறப்பான், இரண்டையும் திறப்பான். மூன்றாம் பூட்டின் முன் திகைத்து நிற்பான்.

நெவிரபின் மருந்தைத் தனியே கொடுத்தபோது, நான்கு கிழமைக்குள்ளாகவே குருதியிலிருந்த வைரஸ் கூட்டம் மருந்துக்கு அடங்காத கூட்டமாக மாறிவிட்டதை ஷா குழுவினர் கண்ணாரக் கண்டிருந்தனர். 1996இல் வான்கூவர் மாநாட்டில் மும்மருந்துக் கூட்டு மருத்துவத்தின் வெற்றி உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டின் எய்ட்ஸ் சாவு, முந்திய ஆண்டைவிட 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. கூட்டு மருத்துவத்தைக் கண்டது கணக்கு மட்டுமே என்று சொல்வது மிகை. மருத்துவர்களின் பட்டறிவும் வேதியியலாரின் உழைப்பும் முன்னரே அத்திசையில் சென்றன. ஆனால் ஏன் மூன்று, ஏன் ஒன்று போதாது, ஏன் ஒரு நாளும் விடாமல் உண்ண வேண்டும் என்பதற்கு அசைக்க முடியாத காரணத்தைக் கணக்கே தந்தது.

படை பொருதா, இரை தீர்ந்தா?

தொற்று ஏற்பட்ட சில கிழமைகளில் வைரசின் அளவு வானளாவ உயர்ந்து, பின் பெரிதும் இறங்குகிறது. இறக்கியது எது? எதிர்ப்புப் படையே என்று எல்லோரும் நம்பினர். 1996இல் ஆண்ட்ரூ பிலிப்ஸ் என்பார் குறுக்கே வந்தார். கொல்லும் அணுவே இல்லாத சமன்பாட்டை எழுதி, அதிலும் வைரஸ் உயர்ந்து இறங்குவதைக் காட்டினார். விறகு தீர்ந்தால் நெருப்புத் தானே தணிவது போல, இரையாகும் அணுக்கள் குறைந்ததால் வைரஸ் இறங்கியிருக்கலாமே என்றார்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒன்றை ஒருவர் மறுத்தார். அவரைத் தள்ளி வைத்தனரா? நாத்திகன் என்று தூற்றினரா? இல்லை. “சோதித்துப் பார்ப்போம்” என்றனர். குரங்குகளுக்கு எச்.ஐ.வி.யின் உறவான எஸ்.ஐ.வி. எனும் வைரஸ் உண்டு. அது தொற்றிய குரங்குகளின் உடலிலிருந்து சி.டி.8 எனும் கொல்லும் அணுக்களை மட்டும் நீக்கிப் பார்த்த ஆய்வுகள் 1999இல் வெளிவந்தன. நீக்கியதும் வைரஸ் பொங்கியெழுந்தது. அவ்வணுக்கள் திரும்பி வந்ததும் அடங்கியது. படைக்குப் பங்கு உண்டு என்பது உறுதியாயிற்று. இரை குறைவதற்கும் பங்கு உண்டு என்பதை ஒதுக்கிவிடவும் இல்லை; இன்றைய சமன்பாடுகளில் இரண்டும் இடம்பெறுகின்றன. பிலிப்சின் மறுப்பு வீணாகவில்லை. நம்பிக்கையாக இருந்ததைச் சான்றாக மாற்ற அதுவே தூண்டிற்று.

தன்னைத் திருத்திக்கொள்ளும் அறிவு

கணக்கு என்றும் பொய்க்காது என்று கொண்டாடுவோமாயின், பழைய கடவுளை இறக்கிவிட்டுப் புதிய கடவுளை ஏற்றியவராவோம். கணக்கும் தோற்றது, அதையும் கேளுங்கள்.

1997 மே திங்களில் பெரல்சன், ஹோ குழுவினர் கூட்டு மருத்துவத்தின்போது வைரஸ் இறங்குவதை நீண்ட நாள் அளந்தனர். முதலில் விரைவாகவும், பின்னர் ஒன்று முதல் நான்கு கிழமைக்கு ஒரு முறை பாதியாக மெதுவாகவும் இறங்கியது. அவ்வேகத்தில் சென்றால், மருந்து முற்றும் தடுக்குமாயின், 2.3 முதல் 3.1 ஆண்டுகளில் அந்த அணுக்கூட்டங்களிலிருந்து வைரஸ் ஒழியும் என்று கணித்தனர். உலகெங்கும் நம்பிக்கை பூத்தது. ஆனால் அதே கட்டுரையில் அவர்கள் எழுதிய எச்சரிக்கையும் உண்டு: நாம் காணாத மறைவிடம் ஏதேனும் இருக்குமாயின், இன்னும் காலம் ஆகும்.

மறைவிடம் இருந்தது. அதே ஆண்டிலேயே மூன்று குழுவினர், நினைவைச் சுமந்து ஓய்ந்திருக்கும் உதவி அணுக்களின் மரபுச் செய்திக்குள் வைரஸ் ஒட்டிக்கொண்டு கிடப்பதைக் கண்டனர். மருந்து அதை எட்டாது; படையும் அதை அறியாது. உறக்கம் என்று முன்பு சொன்னார்களே, அது உண்மையில் இருந்த இடம் இதுதான்: கோடிக்கணக்கான அணுக்களில் மிகச் சிலவற்றில் மட்டும். 1999இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ராபர்ட் சிலிசியானோ குழுவினர் அளந்தபோது, அம்மறைவிடம் பாதியாகக் குறைய 44 திங்கள் ஆகுமெனத் தெரிந்தது. ஓர் இலட்சம் அணுக்கள் ஒன்றாகக் குறைய ஏறத்தாழ 17 முறை பாதியாக வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: 60 ஆண்டுக்கு மேல்! மூன்றாண்டில் முடியும் என்ற கனவு கலைந்தது. இன்றும் மருந்தை வாழ்நாள் முழுதும் உண்ண வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

கனவைக் கலைத்ததும் கணக்கே. கணித்தவர்களும் அதை மறைக்கவில்லை. “என் வாக்குப் பலிக்கவில்லையெனில் உன் பக்தி குறைவு” என்று சொல்லும் சாமியாருக்கும், “என் கணிப்புப் பொய்த்தால் என் மாதிரி குறைவு” என்று சொல்லும் அறிஞனுக்கும் உள்ள வேற்றுமை இங்கே விளங்கவில்லையா?

இன்னும் விடை காணாத வினாக்கள் உண்டு. ஆப்பிரிக்கக் காடுகளின் சூட்டி மாங்கபே எனும் குரங்கின் குருதியில் எஸ்.ஐ.வி. மிகுதியாக ஓடுகிறது, ஆயினும் அது பெரும்பாலும் நோயுறுவதில்லை. ஆகவே வைரசின் அளவு மட்டும் அழிவுக்குக் காரணமன்று. அதைக் கண்டு எதிர்ப்புப் படை ஓயாமல் கொதித்தெழுவதும் உடலைத் தேய்க்கிறது என்பது இன்று ஆய்வாளர் பலர் ஏற்கும் கருத்து. முறையோ வேறு நோய்களுக்கும் பரவிற்று. 1998இல் அவிடன் நியூமன் முதலானோர் இதே வழியில் கல்லீரலைத் தின்னும் ஹெப்படைட்டிஸ் சி வைரசை அளந்தனர். நாளொன்றுக்கு ஓர் இலட்சம் கோடித் துகள்கள் பிறப்பதைக் கண்டனர். அந்நோய் இன்று சில திங்கள் மாத்திரையில் முற்றும் தீரும் நோய்.

மறுத்தவர் கொடுத்த விலை

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பீட்டர் டூஸ்பெர்க், 1987 முதல், எச்.ஐ.வி. தீங்கற்றது, எய்ட்ஸ் அதனால் வருவதன்று என்று எழுதி வந்தார். குருதியில் பத்தாயிரம் உதவி அணுக்களில் ஒன்றுதானே தொற்றியிருக்கிறது, உடல் அதைவிட விரைவாகப் புது அணுக்களை உண்டாக்குமே என்பது அவர் வாதம். கரையில் நின்று ஏரியைப் பார்த்தவனின் வாதம் அது. ஒரு கணத்தில் எத்தனை உள்ளன என்று எண்ணினார். ஒரு நாளில் எத்தனை பிறந்து மாள்கின்றன என்று எண்ணவில்லை. 1995இன் கணக்கு அதற்கு விடையாயிற்று. கேள்வி கேட்டது குற்றமன்று, பிலிப்சும் கேட்டார். விடை வந்த பின்னும் கண்ணை மூடிக்கொண்டதே குற்றம்.

அந்த மூடிய கண்ணுக்கு ஒரு நாட்டின் ஆட்சி துணைபோனது. 2000ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கக் குடியரசுத் தலைவர் தாபோ எம்பெக்கி, எய்ட்ஸின் காரணத்தை ஆராய அமைத்த குழுவில் டூஸ்பெர்க்குக்கும் இடமளித்தார். 5,000க்கு மேற்பட்ட அறிவியலார் கையொப்பமிட்ட டர்பன் அறிக்கை, எச்.ஐ.வி.யே காரணம் என்று அதே ஆண்டு உரைத்தது. நலத்துறை அமைச்சரோ பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சையும் உண்ணச் சொன்னார். நிறவெறியை எதிர்த்து வென்ற நாடு, மேலையர் மருந்தை ஐயுற்றதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கலாம். ஆனால் வைரசுக்கு நிறம் தெரியாது. மருந்தை முடக்கியதால் 2000 முதல் 2005 வரை 3,30,000க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர் என்றும், 35,000 குழந்தைகள் தொற்றோடு பிறந்தன என்றும் ஹார்வர்டு ஆய்வாளர் 2008இல் கணக்கிட்டனர்.

அங்கே போராடியவர் யார்? நோயாளரே. பொது மருத்துவமனையில் ஏழைக்குக் கிட்டாத மருந்து எனக்கும் வேண்டா என்று உண்ண மறுத்தார் சாக்கி அக்மத். அவரது இயக்கம் வழக்காடி, தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றாமல் காக்கும் மருந்தை எங்கும் தருமாறு 2002 ஜூலையில் அரசியல் சட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பெற்றது.

நம் பக்கம் என்ன நடந்தது? “இது மேலைநாட்டார் ஒழுக்கக் கேட்டின் நோய்; நம் பண்பாடு நம்மைக் காக்கும்” என்று பேசிக் கொண்டிருந்த நாளில், 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைச் சென்னையிலேயே கண்டு காட்டினர். பண்பாட்டுப் பெருமை தடுப்பூசியன்று என்பது அன்று விளங்கிற்று. மும்மருந்தோ ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விற்றது. பொருளுக்கன்றிச் செய்முறைக்கு மட்டுமே உரிமம் தந்த 1970ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டம் வழிவிட்டதால், சிப்லா நிறுவனம் 2001இல் அதனை ஆண்டுக்கு 350 டாலருக்கு எல்லையற்ற மருத்துவர் அமைப்புக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் முதல் நாள், இந்திய அரசு எட்டு மருத்துவமனைகளில் இலவசமாக வழங்கத் தொடங்கியபோது, தாம்பரம் அரசு மருத்துவமனையும் அவற்றுள் ஒன்று.

சமன்பாடு மூன்று பூட்டுகள் வேண்டுமென்றது. பூட்டுகளை ஏழையின் கைக்குக் கொண்டுவரச் சட்டமும் போராட்டமும் வேண்டியிருந்தன. 2023ஆம் ஆண்டின் இறுதியில் உலகில் இத்தொற்றுடன் வாழ்ந்தோர் ஏறத்தாழ 4 கோடி. அவ்வாண்டில் மட்டும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். மருந்தைத் தவறாது உண்டு, குருதியில் வைரஸ் தென்படாத நிலையை அடைந்தவரிடமிருந்து உடலுறவால் பிறர்க்குத் தொற்றாது என்பதும் இன்று நிலைநாட்டப்பட்ட உண்மை. இருந்தும், தொற்றுடையவருக்கு வாடகை வீடு மறுப்போரும், அவர் குழந்தையைப் பள்ளியில் தனியே அமர்த்துவோரும் நம்மிடையே உள்ளனர்.

அவர்களிடம் செல்லுங்கள். கோபத்தோடன்று, கணக்கோடு செல்லுங்கள். தொட்டால் தொற்றாது என்பதைச் சொல்லுங்கள். மருந்தை அடிக்கடி விட்டால் பூட்டு திறந்துகொள்ளக்கூடும் என்பதை மருந்துண்போருக்கு எடுத்துரையுங்கள். ஒரே மாத்திரையில், ஒரே வேரில், ஒரே மந்திரத்தில் தீர்த்துவிடுவேன் என்று கடை விரிப்போனிடம், “எத்தனை பேருக்குக் கொடுத்தாய்? வைரசை எண்ணினாயா? எத்தனை நாள் எண்ணினாய்?” என்று கேளுங்கள். மூன்றே கேள்விகள்தாம். விடை கூற முடியாதவன் கடையை மூடட்டும்.